ஈரத்தின் அளவறிந்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும், முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "மேலகரத்துல சுருட்டுப் பெட்டி செய்வாவளே, அந்த அம்மாதான?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். ஆம், அவர்தான். என்னைப் பெற்ற தாய்க்கு அடுத்தபடியாக என்னை வளர்த்தவர். அவர் எங்களை விட்டுப் பிரிந்து இந்த ஆவணியோடு ஓராண்டு ஆகிறது.

கட்டுரை எழுத உட்கார்ந்தபோது உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "எல்லாம் எழுதும்மா, அந்தச் சுருட்டு விஷயத்த மட்டும் விட்டுரு. நல்ல காரியத்துக்குக் குடுக்குத புஸ்தகம் பாரு" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதை விட்டுவிட்டால் அக்காவின் வாழ்க்கையில் பாதி போய்விடும். நான் கிராமச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பீடியையும் சுருட்டையும் விட்டுவிடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தவள். அப்படிப்பட்ட நானே அக்காவின் தொழிலைப் பற்றிப் பெருமையோடு எழுதுகிறேன் என்றால், மற்றவர்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அக்கா பிறந்தது மேலகரத்தில். எங்கள் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தார். அக்கா உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, பணியிடத்திலேயே காய்ச்சல் கண்டு அப்பா இறந்துபோனார். அம்மாவுக்கு வந்த ஓய்வூதியத்தில்தான் நாங்கள் இருவரும் படித்தோம். "பெரியவளக் கட்டிக் குடுத்துட்டு சின்னவளப் படிக்க வைக்கலாம்" என்று சொந்தத்தில் பேச்சு வந்தபோது, அக்கா அம்மாவிடம், "ரெண்டு பேரும் படிக்கோம். கல்யாணம் பெறகு பாத்துக்கிடலாம்" என்று சொன்னார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. பாளையங்கோட்டைக்குப் போய் வேதியியல் படித்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவருடைய விரல்களில் ஏதாவது ஒரு அமிலக் கறை இருக்கும்.

படிப்பு முடிந்ததும் பண்பொழியைச் சேர்ந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் செங்கோட்டையில் ஒரு மர டிப்போவில் கணக்குப் பார்த்தவர். மரத்தைத் தட்டிப் பார்த்தே அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். திருமணமான சில ஆண்டுகளில் மேலகரத்தில் சொந்தமாக மரப் பட்டறை ஆரம்பித்தார். நிலை, கதவு, கட்டில், ஊஞ்சல் என்று வேலை நன்றாகவே நடந்தது. ஒரு பங்குனி மாதத்துக் காலையில் டிப்போவில் மரம் பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது அவர்களுடைய ஒரே மகள் செண்பகா தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

பட்டறையை விற்றுவிடச் சொன்னவர்கள் பலர். இழைப்பு எந்திரத்தை விலைக்குக் கேட்டு ஆளும் வந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா பட்டறைக்குப் போய்க் கதவைத் திறந்தார். தலைமை ஆசாரியாக இருந்த அண்ணாச்சி ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தாராம். "தங்கச்சி, நீங்க வருவியன்னு தெரியும். பாதியில நிக்குத கட்டிலு ரெண்டு இருக்கு, முடிச்சுருவமா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்த வேலையை அக்கா நோயில் விழும் வரை விடவில்லை.

முதல் சில ஆண்டுகள் கடினமாகத்தான் இருந்தன. கதவுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள், "ஆம்பளையாளு யாரும் இல்லையாம்மா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். அக்கா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அளவு நாடாவை எடுத்து மேசைமேல் வைத்து, "நிலைக்கு எத்தனை அடி சொன்னீங்க?" என்று வேலையை ஆரம்பித்துவிடுவார்.

அப்படி இருந்த நாளில்தான் கேப்டன் வந்தார். கப்பலில் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அவருக்குச் சொந்த ஊர். மனைவிக்குக் குற்றாலம் பிடிக்கும் என்பதற்காக ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு வீடு வாங்கி இருந்தார். வீடு வாங்கிக் கொஞ்ச காலத்தில் அந்த அம்மா இறந்துபோனார்கள். கேப்டன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் கொண்டு வந்தது ஒரு மரப்பெட்டி. வெளிநாட்டில் வாங்கியது. உள்ளே சுருட்டுகளை அடுக்கி வைக்கத் தட்டுகள், ஓரத்தில் தண்ணீர் நனைத்து வைக்க ஒரு பஞ்சுக் கூடு, மூடியின் உட்புறம் ஈரப்பதம் காட்டும் பித்தளை டயல். அவர் அதை ஹியூமிடார் என்றார். பட்டறைக்காரர்களுக்கு வந்த நாளிலிருந்தே அது ஈரப்பெட்டிதான்.

"இது ஆடியில மூட மாட்டேங்குது மோளே. சித்திரையில மூடுனா இடுக்கு தெரியுது. சுருட்டு ஒரு சமயம் பூசணம் பிடிக்குது, ஒரு சமயம் சருகாட்டம் பொடியுது" என்றார் கேப்டன்.

அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை பெட்டியைச் செய்தவரிடம் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. அது வறண்ட குளிர் நாட்டில் காய்ந்த மரம். குற்றாலத்துச் சாரல் காலத்தில் நான்கு மாதம் காற்றே நனைந்து கிடக்கும். மரம் அந்த ஈரத்தைக் குடித்து வீங்கிவிடுகிறது, மூடி உட்கார மறுக்கிறது. கோடையில் உள்ளதை எல்லாம் விட்டுச் சுருங்கி இடுக்கு விடுகிறது. "இந்த ஊர்லயே ஒரு சாரலும் ஒரு கோடையும் பாத்த மரத்துல புதுசா செஞ்சு தாரேன் சார். ஒரு வருஷம் பொறுக்கணும்" என்றார். கேப்டன் பொறுத்தார்.

சுருட்டுக்கு ஏற்ற ஈரம் நூற்றுக்கு அறுபத்தைந்திலிருந்து எழுபது வரை. அதற்கு மேலே போனால் பூசணம், கீழே போனால் இலை வெடிக்கும். இதையெல்லாம் கேப்டன் கொடுத்த புத்தகங்களிலிருந்து அக்கா படித்தார். உட்பக்கத்துக்கு வெளிநாட்டுச் செடார் மரம் வேண்டும் என்று எழுதியிருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சந்தன வேம்பு நம்முடைய மலையோரத்திலேயே வளர்கிறது என்பதை அக்கா கண்டுபிடித்துக்கொண்டார். செங்கோட்டை டிப்போவுக்குப் போய், அத்தானின் பழைய நண்பர்களிடம் சொல்லி வைத்து, அந்த மரத்தை வாங்கினார். வெளியே தேக்கு, உள்ளே சந்தன வேம்பு. உட்புறத்தில் வார்னிஷ் கிடையாது, பிசின் பூச்சு கிடையாது. மரம் ஈரத்தை வாங்கவும் விடவும் வேண்டும் அல்லவா? மூடியைப் பாதி உயரம் தூக்கிக் கையை விட்டால், டப்பென்று விழாமல், உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு மெதுவாக இறங்கி உட்கார வேண்டும். ஆசாரி அண்ணாச்சி அந்த மூடியை எத்தனை முறை இழைத்தார் என்று அவருக்கே நினைவிருக்காது.

பெட்டி அருமையாக அமைந்தது. கேப்டன் தன் கையிருப்பு முழுவதையும் அதற்கு மாற்றினார். பழைய பெட்டியிலிருந்த பித்தளை டயலையும் கழற்றிப் புதியதில் பொருத்தச் சொன்னார். அவரோடு கப்பலில் பல கடல்களைச் சுற்றிய டயல் அது.

அந்தக் கையிருப்பில், அடித்தட்டில், சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சிறு கட்டு இருந்தது. கேப்டனின் கடைசிக் கப்பல் பயணத்தில் அவர் மனைவியும் கூடப் போயிருந்தார்கள். ஏதோ ஒரு துறைமுகத்தில் அந்த அம்மாவே கடைக்குள் போய் வாங்கிக் கொடுத்த சுருட்டுகள். ஒவ்வொரு திருமண நாளுக்கும் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அந்த அம்மா போன பிறகும் கேப்டன் தை மாதத்தில் அந்த நாளில் மட்டும் ஒன்றை எடுப்பார். மற்ற சுருட்டுகளை எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். இந்தக் கட்டு போனால் போனதுதான்.

அடுத்த ஆனி மாதம் கேப்டன் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது பெட்டியைக் கொண்டு வந்து பட்டறையின் உள்ளறையில் வைத்தார். "உன்ன நம்பி விட்டுட்டுப் போறேன் மோளே" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று நான் அங்கே இருந்தேன்.

அந்த ஆண்டு சாரல் விடவே இல்லை. பேரருவியில் குளிக்கத் தடை விழுவதும் எடுப்பதுமாக இருந்தது. துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. அக்கா பெட்டியிலிருந்த தண்ணீர்ப் பஞ்சை எடுத்துவிட்டார். தட்டுகளை எடுக்காமல், வாரம் ஒரு முறை மட்டும் மூடியைத் திறந்து டயலைப் பார்த்தார். டயல் ஒவ்வொரு முறையும் அறுபத்தேழு காட்டியது. அவரும் நிம்மதியாக மூடினார்.

ஆடிக்கு நான் விடுப்பில் வந்திருந்தபோது, அக்கா பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நனைந்த சாக்கு வாடை அடித்தது. மேல்தட்டுகள் சரியாக இருந்தன. அடித்தட்டில் அந்த ரிப்பன் கட்டின் ஒரு பக்கம் முழுக்க நீலம் பாய்ந்த பூசணம். சில சுருட்டுகளின் நுனிக்குள்ளேயே இறங்கியிருந்தது. டயலைப் பார்த்தார். அறுபத்தேழு.

ஆசாரி அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பதறாதிய தங்கச்சி. மேலாப்புல இருக்கத மெத்துன்னு துணிய வச்சுத் தொடச்சா போயிரும். கேப்டனுக்குத்தான் கண்ணு அவ்வளவு தெரியாதே. நாம ரெண்டு பேரும் சொல்லாட்டா யாருக்குத் தெரியும்?" அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. பட்டறைக்குப் பெயர் போய்விடுமே என்ற பயத்தில் சொன்னார்.

அக்கா அடுப்படிக்குப் போய், ஒரு சோடா பாட்டில் மூடியில் கல் உப்பைப் பொடித்துப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டார். பித்தளை டயலைக் கழற்றி, உப்பையும் அதையும் ஒரு கண்ணாடி ஊறுகாய் ஜாடிக்குள் வைத்து இறுக்கி மூடினார்.

"என்னக்கா செய்யுத?" என்று கேட்டேன்.

"நனஞ்ச உப்ப மூடி வச்சா உள்ள காத்து எழுபத்தஞ்சுலதான் நிக்கும். எந்த ஊர்ல வச்சாலும் அதான். நாளைக்குப் பாப்போம், இந்த டயல் என்ன சொல்லுதுன்னு."

மறுநாள் ஜாடிக்குள் டயல் அறுபத்தாறு காட்டியது. உண்மை எழுபத்தைந்து. அப்படியென்றால் பெட்டிக்குள் இத்தனை வாரமும் எழுபத்தாறு ஈரம் இருந்திருக்கிறது. அக்கா ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "கெமிஸ்ட்ரி படிச்சவ நான். டயலப் பொருத்துததுக்கு முன்னால இத நான்தான செஞ்சு பாத்திருக்கணும்? பித்தளையும் கண்ணாடியுமா அழகா இருந்துச்சு, நம்பிட்டேன்" என்றார். பிறகு எழுந்து கேப்டனின் மகள் வீட்டுக்குத் தொலைபேசி செய்தார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா சுற்றி வளைக்கவில்லை. "கேப்டன் சார், அம்மா வாங்கிக் குடுத்த கட்டுல பூசணம் விழுந்துட்டு. டயல் தப்புக் காட்டியிருக்கு, ஆனா அத நான் சோதிக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது. பாதியக் காப்பாத்த முடியும்னு நெனைக்கேன்" என்றார். அந்தப் பக்கத்தில் தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த வேலையில் எனக்கும் பங்கு உண்டு. பூசணம் பிடித்தவற்றை அக்கா தனியே பிரித்துவிட்டார். மற்றவற்றைத் திடீரென்று காயவைத்தால் இலை வெடித்துவிடும். காய்ந்த மரச் சில்லுகளைப் பெட்டிக்குள் வைத்து, உள்ளிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். சாரலில் நனைந்து கிடக்கிற மேலகரத்தில் காய்ந்த மரத்துக்கு எங்கே போவது? நான் அப்போது திருவேங்கடத்தில் வேலை பார்த்தேன். இங்கே மழை கொட்டும்போது அங்கே கரிசல் காட்டில் புழுதிக் காற்று அடிக்கும். அக்கா சந்தன வேம்பைக் கையகலச் சில்லுகளாக இழைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் தந்தார். நான் அதை என் குடியிருப்பு வராந்தாவில் பரப்பி வைத்து, நன்றாகக் காய்ந்ததும் டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, வார இறுதியில் கொண்டு வருவேன். அக்கா அதைப் பெட்டிக்குள் வைப்பார். அது உள்ளிருக்கும் ஈரத்தைக் குடித்துக் கனத்துப் போகும். மறுபடி என்னோடு திருவேங்கடம் போகும்.

"ஏக்கா, நான் சுகாதார நிலையத்துல உக்காந்து பீடிய விடுங்க, சுருட்ட விடுங்கன்னு சொல்லிட்டு இருக்கேன். என் வராந்தாவுலயே சுருட்டுக்கு மருந்து காயுது!" என்று ஒரு நாள் சண்டை போட்டேன்.

"நான் யாரையும் குடிக்கச் சொல்லலட்டி. ஒருத்தர் என்னய நம்பி ஒரு பொருளக் குடுத்துட்டுப் போயிருக்காரு. அது சுருட்டா இருந்தா என்ன, சுண்ணாம்பா இருந்தா என்ன?" என்றார் அக்கா. எனக்கு அந்தப் பதில் முழுவதும் திருப்தி தரவில்லை. ஆனாலும் டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஐப்பசியில் கேப்டன் திரும்பி வந்தார். ஊன்றுகோலோடு பட்டறைக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். பிரித்து வைத்திருந்தவற்றையும் பார்த்தார்.

"துடைச்சு வச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே. ஏன் சொன்னே?" என்று கேட்டார். குரலில் கோபம்தான் இருந்தது.

"தை மாசம் அத நீங்க பத்த வைக்கும்போது வாடை காட்டிக் குடுத்துரும் சார். அந்த நேரத்துல நீங்க அம்மாவ நெனச்சிட்டு இருப்பிய. அப்ப என்னால உங்க வாயில ஒரு கெட்ட ருசி வரக் கூடாது."

கேப்டன் பெட்டியை மூடினார். டிரைவரை விட்டுப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கார்த்திகையும் மார்கழியும் அக்காவுக்கு நல்ல மாதங்கள் இல்லை. கேப்டனின் பொருளைக் கெடுத்துவிட்டாள் என்று பேச்சு பரவியது. ஈரப்பெட்டி வேண்டும் என்று கேட்டிருந்த ஒரு விடுதிக்காரர், இப்போது வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். "கதவு சன்னல் செய்யுத பட்டறைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். அக்கா யாரிடமும் நியாயம் பேசவில்லை. நான்கைந்து டயல்களை வரவழைத்து ஒவ்வொன்றையும் உப்பு ஜாடியில் போட்டு, எது எத்தனை தப்புச் சொல்கிறது என்று பார்த்து, அதன் முதுகிலேயே எழுதி ஒட்டினார். மீந்திருந்த மரத்தில் இன்னொரு பெட்டி செய்து, தென்காசிக் கடையில் சாதாரணச் சுருட்டு வாங்கி உள்ளே அடுக்கி, மேல்தட்டில் ஒரு டயல், அடித்தட்டில் ஒரு டயல் வைத்துக் கவனித்தார். ஈரம் கீழே தேங்குகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அடித்தட்டின் ஓரங்களில் காற்றுப் போக ஒரு விரல் இடைவெளி விட்டார். தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தார். பட்டறையில் அந்தச் சுருட்டுகளைக் குடிக்க ஆள் இல்லை. வாங்கியவர் குடிக்காமலே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று ஆசாரி அண்ணாச்சி சிரிப்பார்.

தை மாதத்தில் ஒரு காலை. பொங்கல் கழிந்து சில நாள் இருக்கும். நானும் அக்காவும் பட்டறை வாசலில் ஒரு கட்டிலுக்கு மெருகு காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேப்டனின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி நடந்து வரும்போதே சட்டையில் சுருட்டு மணம் வந்தது. அக்கா எழுந்து நின்றார்.

கேப்டன் அருகே வந்து நின்று, "நல்லா இருந்துச்சு மோளே" என்றார். "அவ வாங்கிக் குடுத்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே இருந்துச்சு."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தான் இறந்த பிறகு அவர் பிறர் முன்னால் கண்ணீர் விட்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பெட்டி வண்டியில இருக்கு. ஆளு விட்டு எறக்கச் சொல்லு. இனி இது இங்கதான் இருக்கும்" என்றார் கேப்டன். கொஞ்சம் தயங்கி, "நான் முப்பது வருஷம் கப்பல் ஓட்டுனவன். கருவி தப்புக் காட்டுறது எனக்குப் புதுசில்ல. தப்புக் காட்டுச்சுன்னு வந்து சொல்ற ஆளுதான் கெடைக்காது" என்றும் சொன்னார். பிறகு கட்டிலின் மெருகு காயாத ஓரத்தில் கை வைத்துவிட்டு, ஆசாரி அண்ணாச்சியிடம் திட்டும் வாங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கு ஓரளவு தெரியும். கேப்டன் தனக்குத் தெரிந்த இடங்களுக்கெல்லாம் சொன்னார். மேலகரத்துப் பெட்டி கொச்சிக்குப் போயிற்று, பெங்களூருக்குப் போயிற்று, அங்கிருந்து எங்கெங்கோ போயிற்று. எந்தப் பெட்டியையும், அது பட்டறையிலேயே ஒரு சாரலும் ஒரு கோடையும் பார்க்காமல், அக்கா அனுப்பியதில்லை. அவசரப்பட்டவர்களிடம், "அவசரம்னா வேற எடத்துல வாங்கிக்கிடுங்க, நான் கோவிச்சுக்கிட மாட்டேன்" என்று தன்மையாகச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு சிறு கண்ணாடி ஜாடியும் ஒரு பொட்டலம் உப்பும் போகும். எப்படிச் சோதிப்பது என்று வாங்குகிறவரிடம் அவரே தொலைபேசியில் சொல்லிக் கொடுப்பார்.

வாங்கியவர்களும் விடமாட்டார்கள். கொச்சியிலிருந்து ஒரு விடுதி மேலாளர் அடிக்கடி கூப்பிடுவார். ஒரு முறை அக்கா பேசுவதைக் கேட்டேன். "உங்க ஊர்ல இப்ப மழை பெய்யுதா சார்? பெறகு எதுக்கு அதுக்குத் தண்ணி ஊத்துதிய? பஞ்ச எடுத்து வெளிய வைங்க. கார்த்திகை வரைக்கும் அதத் தொடாதிய." பெங்களூர்க்காரருக்கு இதற்கு நேர்மாறான மருந்து. அங்கே ஏசி ஓடும் அறையில் பெட்டி காய்ந்து கிடக்கும். "கொழாத் தண்ணி வேண்டாம் சார், உப்புப் படியும். சுத்திகரிச்ச தண்ணியா வாங்கிக்கிடுங்க. ஏசிக்கு நேராப் பெட்டிய வைக்காதிய. ஒரே நாள்ல ஈரத்த ஏத்தணும்னு நெனைக்காதிய, வாரக் கணக்காகட்டும்." யாராவது குறைபாடு சொன்னால் முதல் கேள்வி எப்போதும், "டயல உப்புல போட்டுப் பாத்தியளா?" என்பதுதான்.

பட்டறையில் பெண்களை வேலைக்கு எடுத்தார். இழைக்கவும் மெருகேற்றவும் மூடி பொருத்தவும் அவர்களே கற்றுக்கொண்டார்கள். இன்று அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். செண்பகா பொறியியல் படித்து, வெளியூரில் சில காலம் வேலை பார்த்துவிட்டுத் தாயோடு வந்து சேர்ந்துகொண்டாள். அம்மா கூப்பிட்டு அவள் வரவில்லை, அவளாக வந்தாள். அதில் அக்காவுக்கு இருந்த பெருமையை அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் வந்தவர்களிடம், "இது என் மகள் போட்ட மூடி" என்று திறந்து மூடிக் காட்டுவார்.

புகையிலை விஷயத்தில் நாங்கள் இருவரும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வாக்குவாதம் உண்டு. என் பேச்சுக்காக ஒன்று செய்தார். பட்டறையில் வேலை செய்கிற யாரும் வளாகத்துக்குள் பீடி குடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். ஆசாரி அண்ணாச்சி தெருமுனைக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார். பிறகு அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல்பட்டு அவரும் விட்டுவிட்டார். அதை நான் என்னுடைய வெற்றியாகவே கணக்கு வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு சித்திரையில் அக்காவுக்குப் பசி நின்றுபோனது. திருநெல்வேலியில் பரிசோதனை செய்தபோது, கல்லீரலில் நோய் முற்றிவிட்டது என்று தெரிந்தது. மருத்துவர் என்னை வெளியே அழைத்து, நான் செவிலியர் என்பதால் மறைக்காமல் சொன்னார். உள்ளே அக்காவிடம் போனேன்.

"ஏட்டி, இங்கன வந்து உக்காரு. என்ன சொன்னாவ?" என்று கேட்டார் அக்கா.

நான் கேப்டனுக்கு அவர் சொன்ன மாதிரியே, சுற்றி வளைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"சரி. அப்ப பெங்களூர்ப் பெட்டிய செண்பகா முடிக்கட்டும். வைத்தியம் முடியாதுன்னா என்னய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. சாரல் ஆரம்பிக்கப் போகுது, நான் அத வாசல்ல உக்காந்து பாக்கணும்" என்றார்.

பார்த்தார். ஆனி முழுவதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டறைப் பெண்கள் வேலை முடிந்து போகும்போது ஒருவர் பின் ஒருவராக வந்து அவர் பக்கத்தில் இருந்துவிட்டுப் போவார்கள். தன் நோய் என்ன என்று அவர்களிடமும் அவரே சொன்னார். வெளிநாட்டில் மகளோடு இருக்கும் கேப்டன், தொண்ணூறை நெருங்கும் வயதில், நாள் தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டார். இருவரும் பெரும்பாலும் மழையைப் பற்றித்தான் பேசினார்கள். அங்கே வெயிலா, இங்கே அருவியில் தண்ணீர் எவ்வளவு என்று. ஆவணி பிறந்து சில நாட்களில், ஒரு மதியம், செண்பகா கையால் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர், தூக்கத்திலேயே எங்களை விட்டுப் போனார். வலியில்லாமல் போனார் என்பது எங்களுக்கு ஆறுதல்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவின் வலியைக் கடைசி நாள் வரை தணித்து வைத்த மருத்துவருக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட என் பழைய தோழிகளான செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பந்தல் போட்டதிலிருந்து பதினாறாம் நாள் வரை அடுப்பு எரியவிடாமல் எங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்த மேலகரத்துத் தெருக்காரர்களுக்கும், பண்பொழியிலிருந்து வந்து எல்லாக் காரியத்தையும் முன்னின்று செய்த அத்தானின் தம்பிமாருக்கும், சொல்லியனுப்பாமலே லாரியில் விறகு இறக்கிய செங்கோட்டை டிப்போ நண்பர்களுக்கும் நன்றி. கொச்சியிலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பி வந்து, யாரென்று சொல்லாமல் கூட்டத்தின் பின்னால் நின்ற அந்த விடுதி மேலாளருக்கு நன்றி. ஆசாரி அண்ணாச்சிக்கு நன்றி என்று ஒரு சொல் போதாது. அவர் எங்கள் வீட்டு மூத்த ஆள்.

சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக் கூடாது என்று சிலர் தடுத்தபோது, பட்டறைப் பெண்கள் யாரிடமும் சண்டை போடாமல், வேலை உடுப்போடே பாடைக்குப் பின்னால் வரிசையாக நடந்து வந்தார்கள். யாராலும் நிறுத்த முடியவில்லை. அவர்களுக்கு என் வணக்கம்.

நினைவு நாளன்று காலையில் வீட்டில் பூசை. அன்றைக்கும் பட்டறை திறந்திருக்கும், செண்பகா அங்கேதான் இருப்பாள். சாரல் விடாத நாட்கள், உள்ளறையில் இருக்கும் பெட்டிகளை ஒரு நாள்கூடப் பார்க்காமல் விட முடியாது என்கிறாள். அதனால் மதியச் சாப்பாட்டைப் பட்டறை முற்றத்திலேயே வைத்திருக்கிறோம். எல்லாரும் குடும்பத்தோடு வர வேண்டும், இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். குடை கொண்டு வாருங்கள்.